இரண்டு கிழமைக்கு ஒருமுறை

மழையைத் திட்டப் பழகினது
ரெட் கிளிஃப்ஸுக்கு வந்த பிறகுதான்.
பெப்ரவரி. பழம் இனித்துக் கனிந்து
கம்பியில் தொங்கிய கிழமை
மூன்று நாள் விடாமல் பெய்தது.
நாலாம் நாள் காலை
பதினெட்டு ஏக்கரும் கள்ளு வாசம்.

குலேந்திரன் வெடித்த குலை ஒன்றைத்
தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.
நான் வாங்கி உறைபெட்டிக்குள் வைத்தேன்.
ஏன் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
தொலைபேசி மட்டும்தான் விளைந்தது.
வங்கி, தண்ணீர்க் கட்டணம், பூச்சிமருந்துக் கடை.
டண்டினோங்கிலிருந்து பெரியம்மாவின் மகன்:
தந்த எட்டாயிரத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.
"பிள்ளைகள் சாப்பிட்டினமோ?" என்பார், அவ்வளவுதான்.
எட்டாயிரமும் அந்தக் கேள்விக்குள் இருக்கும்,
வட்டியும் இருக்கும்.

படிவம் நாற்பத்தொரு பக்கம்.
ஷெரில் என்ற பெண் வந்து சமையல் மேசையில் இருந்து
டிராக்டரின் விலை கேட்டாள்,
திராட்சை காயவைக்கிற தட்டிகளின் விலை கேட்டாள்,
நகை ஏதும் உண்டா என்று கேட்டாள்.
அரசாங்கத்துக்குப் பொய் எழுதக்கூடாது.
தாலிக்கொடி மில்துராவில் அடகில் இருப்பதை
ஷெரிலுக்கு இங்கிலிஷில் சொன்னேன்.
இவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

எழுந்து பம்பு திருத்தப் போனார்.
பம்பில் ஒரு பழுதும் இல்லை.
"கைநீட்டித்தான் வாழவேணுமோ" என்று
பம்பிடம் கேட்டிருப்பார்போல.
இரவு பதினொரு மணிக்கு வந்து
பேனை எங்கே என்றார்.

முதல் காசு ஒரு புதன்கிழமை விழுந்தது.
கைபேசி காட்டியதை நம்பாமல்
பதினாறு கிலோமீட்டர் ஓடிப்போய்
இயந்திரத்தில் சீட்டு எடுத்துப் பார்த்தார்.
சட்டைப்பையில் கிடந்த அந்தச் சீட்டை
நான் பாராமல் தோய்த்துவிட்டேன்.
எல்லாச் சட்டையிலும் வெள்ளைத் துணுக்கு.
அன்றைக்குத்தான், பல மாதத்துக்குப் பிறகு,
சிரித்தோம்.

அதிகம் என்று சொல்லமாட்டேன்.
வங்கிக் கடன் போன வருஷம் இருந்த இடத்திலேயே
கால்நீட்டி இருக்கிறது.
இந்தக் காசு நிற்கப்போகும் நாளையும்
முதல் கடிதத்திலேயே எழுதித்தான் அனுப்பினார்கள்.
ஆனால் இந்தக் காசு போன் எடுப்பதில்லை.
தந்தவருக்கு முகம் இல்லை,
கொண்டாட்டங்களில் எதிரே வந்து நிற்பதில்லை.
பிள்ளைகள் சாப்பிட்டினமோ என்று கேட்பதில்லை.
பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

முந்திய ஆடியில் இவர்
டொனாட்டோவின் கொடிகளைக் கூலிக்கு வெட்டிவிட்டு
இருட்டில் வந்து எங்கள் கொடியைத் தடவிப் பார்ப்பார்.
இந்த ஆடியில் பகலிலேயே, எங்கள் வரிசையில்,
கத்திரிக்கோல் சத்தம்.
ஒரு கண்ணுக்கு இரண்டு தரம் யோசித்து
மெதுவாக வெட்டினார்.
அவசரமில்லாத மனுசனை எனக்கு
கொஞ்சம் மறந்துபோயிருந்தது.

நிவேதனைப் பல்வைத்தியரிடம் கொண்டுபோனேன்.
ஒரு வருஷமாய் இடப்பக்கத்தால் மட்டும்
சப்பியிருக்கிறானாம். ஒன்பது வயது.
"ஏனடா சொல்லேல்லை?"
"நீங்கள் போனில இருந்தீங்கள்."
காரில் திரும்பி வரும்போது
நான் ஒன்றும் கதைக்கவில்லை.

மச்சானுக்குப் போன கிழமை இருநூறு அனுப்பினேன்.
போன் எடுத்து, நானே முந்திக்கொண்டு,
"அண்ணை, சாப்பிட்டீங்களோ?" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, ஓம் பிள்ளை என்றார்.

நேற்று உறைபெட்டியைத் துப்புரவாக்கும்போது
பட்டாணிப் பைக்குப் பின்னால் அந்தக் குலை.
பனி பிடித்து, சின்னதாய்ப்போய்.
எறிய எடுத்ததை நிவேதன் பறித்து
ஒரு பழம் கிள்ளி, வலப்பக்கத்தில் வைத்து
நறுக்கென்று கடித்தான்.
"புளிக்குது" என்றான்.
இன்னொன்று கிள்ளினான்.